நீக்குப்போக்கான நாள், நிலையான நலம்
பரபரப்பான குடும்பத்தில் வாழும் மூத்தோருக்கான அன்றாட அட்டவணை

இப்படி ஒரு காலைப் பொழுதை எண்ணிப் பாருங்கள்.

5.30 மணிக்கு எழுகிறீர்கள். தாதியாக வேலை செய்யும் மருமகளுக்கு இன்று காலை வேளைப் பணி. அவர் கிளம்பிக்கொண்டிருக்கிறார். தொடக்கநிலை 3இல் படிக்கும் பேரன் 6.45 மணிக்குப் பள்ளிப் பேருந்தில் ஏற வேண்டும். பேத்தியைப் பாலர் பள்ளிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். இதற்கிடையே நீரிழிவு மாத்திரையை மறக்காமல் விழுங்கிவிட்டீர்கள். பசியாறுவதை மட்டும், "பிள்ளைகள் போகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிவைத்தீர்கள். பேத்தியை விட்டுவிட்டு, அப்படியே ஈரச்சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கிக்கொண்டு, புளோக்கின் கீழ்த்தளத்தில் மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது மணி ஒன்பதரை. கை நடுங்குகிறது. வியர்த்துக் கொட்டுகிறது. கண் இருட்டுகிறது.

அன்று காலை வீட்டில் எல்லாருடைய வேலையும் நேரத்துக்கு நடந்தது. மகன், மருமகள், பேரன், பேத்தி ஆகிய நால்வருக்கும் ஓர் அட்டவணை இருந்தது. அந்த நான்கையும் தாங்கிப் பிடித்த உங்களுக்குத்தான் அட்டவணை இல்லை.

இந்தக் கையேடு யாருக்கு?

மகன் அல்லது மகள் குடும்பத்தோடு வாழ்பவர்கள், பகலில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்கள், நோயுற்ற துணைவரைக் கவனித்துக்கொண்டே வீட்டையும் நடத்துபவர்கள் ஆகியோருக்காக இது எழுதப்பட்டுள்ளது. தாத்தா, பாட்டி இருவருக்கும் இது பொருந்தும். இதைப் படித்து முடிக்கும்போது, உங்கள் நாளில் எவை அசையக்கூடாதவை, எவை நகரலாம் என்பதைப் பிரித்தறியவும், ஒரு தாளில் உங்களுக்கென்று ஓர் அட்டவணை எழுதவும், அதைக் குடும்பத்தாரிடம் எடுத்துச் சொல்லவும் உங்களால் முடியும்.

மணிக்கு மணி எழுதிய அட்டவணை ஏன் நிலைப்பதில்லை?

பலரும் அட்டவணை என்றால் காலை 6.00, 6.30, 7.00 என்று கோடு போட்டு எழுதுவார்கள். மூன்று நாள் நன்றாக நடக்கும். நான்காம் நாள் மழை பெய்யும். பேரனுக்கு இணைப்பாட நடவடிக்கை நீண்டுவிடும். மருமகளின் பணி நேரம் இரவுக்கு மாறும். பேத்திக்குக் காய்ச்சல் என்று பாலர் பள்ளியிலிருந்து அழைப்பு வரும். ஒரு கட்டம் தவறியதும் மற்றவையும் தவறும். "நமக்கு இதெல்லாம் சரிப்படாது" என்று தாளை மடித்து வைத்துவிடுவோம்.

அட்டவணையே இல்லாத வீட்டில் வேறொரு சிக்கல். அங்கே யார் வேலை அவசரமோ அது முதலில் நடக்கும். பேருந்து காத்திருக்காது, அலுவலகம் காத்திருக்காது, குழந்தையின் பசி காத்திருக்காது. உங்கள் பசியாறலும் நடைப்பயிற்சியும் வாய் திறந்து கேட்பதில்லை. ஆகவே அவை எப்போதும் கடைசி வரிசையில் நிற்கும்.

வாசலில் புள்ளிக் கோலம் போட்டவர்களுக்கு இதற்கான வழி ஏற்கெனவே தெரியும். புள்ளிகளை முதலில் வைத்துவிடுகிறோம். கோடுகள் அவற்றைச் சுற்றி வளைந்து வளைந்து போகின்றன. இடம் குறைவாக இருந்தால் சிறிய கோலம் போடுகிறோம். கோட்டின் வசதிக்காகப் புள்ளியை யாரும் அழிப்பதில்லை. உங்கள் நாளையும் அப்படியே அமைத்துக்கொள்ளலாம்.

முதலில் ஐந்து புள்ளிகள்

ஒவ்வொரு நாளும் உங்களுக்காக வைக்க வேண்டிய புள்ளிகள் ஐந்து.

1. மருந்து. மருந்து உறையில் உள்ள குறிப்பைப் பாருங்கள். சில மருந்துகளை வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். சிலவற்றை உணவோடு அல்லது உணவுக்குப் பின் எடுக்க வேண்டும். நீரிழிவு மாத்திரைகளில் சில வகைகளும் இன்சுலினும், சாப்பாடு தள்ளிப்போனால் ரத்தத்தில் சர்க்கரை அளவை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடக்கூடும். உங்கள் மருந்து அந்த வகையைச் சேர்ந்ததா என்று மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு வேளை மருந்தை மறந்துவிட்டால், அடுத்த வேளைக்கு இரண்டாகச் சேர்த்து விழுங்காதீர்கள். என்ன செய்ய வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து மாறுபடும். அதையும் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

2. உணவு. மூன்று வேளையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சாப்பிடுவது நல்லது. தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு முழுத்தானியம், கால் பங்கு மீன், முட்டை, கோழி, பருப்பு, தவ்ஃபூ போன்ற புரத உணவு இருக்கட்டும். பிள்ளைகள் மிச்சம் வைத்ததைச் சாப்பிடுவது ஒரு வேளை உணவு ஆகாது.

3. உறக்கம். 65 வயதைக் கடந்தவர்களுக்கும் இரவில் 7 முதல் 8 மணி நேர உறக்கம் தேவை. காலை 5.30 மணிக்கு எழ வேண்டியவர் இரவு 10 மணிக்குப் படுத்தால் ஏழரை மணி நேரம் கிடைக்கும். 11.30 மணிக்கு வரும் மகனுக்குச் சாப்பாடு சூடாக்கிக் கொடுக்கக் காத்திருந்தால் ஆறு மணி நேரம்கூடக் கிடைக்காது.

4. உடலசைவு. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான வேகத்தில் உடலை அசைக்க வேண்டும். பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும். ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். அதுவே மிதமான வேகம். இதைப் பத்துப் பத்து நிமிடமாகவும் பிரித்துக்கொள்ளலாம். இதோடு வாரத்தில் மூன்று நாளாவது தசைக்கு வலுவும் உடலுக்குச் சமநிலையும் தரும் பயிற்சிகள் வேண்டும். வீட்டு வேலை உடலைக் களைப்பாக்கும் என்பது உண்மை. ஆயினும் கீழே விழாமல் காக்கும் சமநிலைப் பயிற்சிக்கு அது ஈடாகாது.

5. மனிதர்கள். வீட்டுக்கு வெளியே, உங்கள் வயதையொத்தவர்களோடு பேசும் நேரம். துடிப்பாக மூப்படையும் நிலையம், கோயில், பள்ளிவாசல், தேவாலயம், சமூக மன்றம், கீழ்த்தளத்து நாற்காலி என எதுவாகவும் இருக்கலாம். நாள் முழுவதும் பேரப்பிள்ளையோடு பேசியும், ஒரு பெரியவரோடுகூடப் பேசாமல் வாரங்கள் ஓடிவிடுவது உண்டு.

துணி துவைத்தல், கடைக்குப் போதல், சமையல், கூட்டித் துடைத்தல், இஸ்திரி போடுதல் ஆகியவை எல்லாம் கோடுகள். அவை நகரலாம், சுருங்கலாம், வேறொருவர் கைக்கும் மாறலாம்.

பயிற்சி 1: ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்

அட்டவணை போடுவதற்கு முன், இப்போது நடப்பதைக் கவனியுங்கள். பழைய நாள்காட்டியின் பின்பக்கம் போதும். ஏழு நாளைக்கு, ஒவ்வோர் இரவும் இந்த ஐந்து கேள்விக்கு விடை எழுதுங்கள்.

• எத்தனை மணிக்குப் பசியாறினேன்? உட்கார்ந்து சாப்பிட்டேனா, நின்றுகொண்டா?
• எல்லா மருந்தையும் குறித்த வேளையில் எடுத்தேனா?
• எத்தனை நிமிடம் நடந்தேன்?
• நேற்றிரவு எத்தனை மணி நேரம் உறங்கினேன்?
• குடும்பத்துக்கு வெளியே யாரோடு பேசினேன்?

வாரக் கடைசியில் பாருங்கள். எந்தப் புள்ளி அடிக்கடி விடுபடுகிறது? எந்த நாளில்? மருமகளுக்குக் காலை வேளைப் பணி உள்ள நாள்களில்தான் பசியாறல் தாமதமாகிறது என்பது போன்ற ஒரு காரணம் கண்ணில் படும். முழு வாரத்தையும் மாற்ற வேண்டியதில்லை. அந்த ஒரு நாளை, அந்த ஒரு புள்ளியைச் சரிசெய்தால் போதும். அடுத்த வாரம் இன்னொன்றைப் பார்த்துக்கொள்ளலாம்.

கடிகாரத்தைவிட நிகழ்ச்சியோடு இணைப்பது எளிது

"காலை 7.15க்குப் பசியாற வேண்டும்" என்று எழுதினால் பேருந்து தாமதமான நாளில் அது தவறிவிடும். "பேரன் தட்டு வைக்கும்போது என் தட்டையும் வைப்பேன்" என்று எழுதினால், அவன் எத்தனை மணிக்குச் சாப்பிட்டாலும் நீங்களும் சாப்பிடுவீர்கள். தினமும் எப்படியும் நடக்கும் ஒரு செயலோடு உங்கள் புள்ளியைக் கட்டிவிடுவதுதான் இந்த முறையின் உயிர்நாடி. சில எடுத்துக்காட்டுகள்:

• பல் துலக்கியதும்: வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய மருந்து இருந்தால் அது.
• பேரனுக்குப் பசியாறப் போடும்போது: உங்கள் உணவும் உணவோடு எடுக்கும் மாத்திரையும். சாப்பாடு தட்டில் இருந்தால்தான் மாத்திரை கையில் இருக்க வேண்டும்.
• பேத்தியைப் பாலர் பள்ளியில் விட்டதும்: நேரே வீடு திரும்பாமல், பூங்கா வழியாக 15 நிமிடம் சுற்றி நடப்பது.
• சோறு வேகும்போது: சமையல்மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது 10 முறை, உறுதியான நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 10 முறை. சக்கரம் வைத்த நாற்காலி வேண்டாம்.
• பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருவதற்கு முன்: சிறு ஓய்வு. பகல் தூக்கத்தைப் பிற்பகல் 3 மணிக்குள், 30 நிமிடத்தில் முடித்துக்கொண்டால் இரவு உறக்கம் கெடாது.
• தொலைக்காட்சியில் தமிழ்ச் செய்தி முடிந்ததும்: இரவு மருந்து, பிறகு நாளைய மாத்திரைப் பெட்டியைச் சரிபார்ப்பது.

ஒரு மருந்தின் நேரம் உங்கள் வீட்டு நடைமுறைக்குப் பொருந்தவே இல்லை என்றால், நீங்களாக மாற்றிக்கொள்ளாதீர்கள். "இதை வேறு வேளைக்கு மாற்றலாமா?" என்று பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ கேளுங்கள். சில மருந்துகளை மாற்றலாம், சிலவற்றை மாற்றக்கூடாது.

நாள் கலைந்துபோகும்போது: மூன்று அளவுக் கோலம்

எல்லா நாளும் ஒரே மாதிரி இராது. ஆகவே மூன்று அளவுகளில் திட்டம் வைத்திருங்கள்.

வழக்கமான நாள். ஐந்து புள்ளிகளும் முழு அளவில். 30 நிமிட நடை, நிலையத்தில் ஒரு மணி நேரம், சமையல், ஒரு பெரிய வீட்டு வேலை. ஒரு நாளைக்கு ஒரு பெரிய வேலை போதும். திங்கட்கிழமை துணி என்றால் செவ்வாய்க்கிழமை குளியலறை. இரண்டையும் ஒரே நாளில் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

நெருக்கடியான நாள். பேத்திக்குக் காய்ச்சல், மகனுக்கு வெளியூர்ப் பயணம் போன்ற நாள்கள். மருந்து, உணவு, உறக்கம் மூன்றும் அப்படியே இருக்கும். நடை பத்து நிமிடமாகலாம். தோழியைப் பார்க்கப் போவதற்குப் பதில் ஐந்து நிமிடத் தொலைபேசி உரையாடல். துணி நாளைக்கு. சமையலுக்கு ரசமும் முட்டையும் ஒரு கீரையும் போதும், அல்லது உணவங்காடி நிலையத்திலிருந்து வாங்கிக்கொள்ளலாம். அப்போது காய்கறி கூடுதலாகவும் குழம்பு குறைவாகவும் கேளுங்கள்.

உங்களுக்கே முடியாத நாள். தலைச்சுற்றல், காய்ச்சல், மூட்டுவலி. அன்று மருந்தும் உணவும் நீரும் ஓய்வும் மட்டுமே உங்கள் வேலை. பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்பதை அந்தக் காலையில் யோசிக்கக்கூடாது. ஒரு மாற்று ஏற்பாட்டை இப்போதே முடிவு செய்து, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள். அதில் இரண்டு பேரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கட்டும். சம்பந்தி வீடு, பக்கத்து வீட்டார், மகனின் நண்பர் குடும்பம் என யாராக இருந்தாலும் அவர்களிடம் முன்பே சொல்லி வைத்திருக்க வேண்டும்.

அவசரமாக ஓடியாடும் நாளில்தான் வழுக்கி விழுவதும் நேர்கிறது. தொலைபேசி அடித்தால் ஓடாதீர்கள். அவர்கள் மறுபடியும் அழைப்பார்கள். ஈரத் தரையில் நடக்காதீர்கள். உயரத்தில் உள்ள பாத்திரத்தை எடுக்க நாற்காலிமீது ஏறாதீர்கள்.

ரத்தத்தில் சர்க்கரை அளவு குறைந்தால்

அறிகுறிகள்: நடுக்கம், வியர்வை, கடும் பசி, படபடப்பு, தலைச்சுற்றல், குழப்பம்.

• உடனே உட்காருங்கள். கருவி இருந்தால் சோதியுங்கள். 4.0 மில்லிமோல்/லிட்டருக்குக் கீழே இருந்தால் அது குறைவு. கருவி இல்லாவிட்டால் காத்திருக்க வேண்டாம்.
• மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கலந்து குடியுங்கள், அல்லது அரைக் குவளைப் பழச்சாறு குடியுங்கள்.
• 15 நிமிடம் கழித்து மறுபடியும் சோதியுங்கள். சரியாகவில்லை என்றால் மீண்டும் அதே அளவு குடியுங்கள்.
• சரியானதும் ரொட்டி, பிஸ்கட் அல்லது அடுத்த வேளை உணவைச் சாப்பிடுங்கள். நடந்ததை அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் தெரிவியுங்கள். அடிக்கடி நேர்ந்தால் சந்திப்பு நாள் வரை காத்திருக்காதீர்கள்.
• நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. 995ஐ அழையுங்கள்.

சந்தைக்குப் போகும் பையில் இரண்டு இனிப்பு மிட்டாய்களும் ஒரு சிறு பொட்டலம் பிஸ்கட்டும் எப்போதும் இருக்கட்டும். முதல் பக்கத்தில் சொன்ன காலைப் பொழுதில் அவை உங்களைக் காக்கும்.

ஒவ்வொருவரும் வெவ்வேறு நேரத்தில் சாப்பிடும் வீடு

பேரன் பிற்பகல் 2 மணிக்கு, நீங்கள் 12.30க்கு, மருமகள் மாலை 4 மணிக்கு, மகன் இரவு 9 மணிக்கு என்று சாப்பிடும் வீடுகள் நிறைய உண்டு. எல்லாருக்கும் சூடாகப் பரிமாற வேண்டும் என்று நினைத்தால் நாள் முழுவதும் அடுப்படியிலேயே கழியும். காலையில் சமைத்ததை மேசையில் மூடி வைத்தாலும் ஆபத்து. நம் நாட்டு வெப்பத்தில், வெளியே வைத்த உணவில் கிருமிகள் விரைவாகப் பெருகும். சோறு, தேங்காய்ப்பால் சேர்த்த குழம்பு, இறைச்சி ஆகியவற்றில் கூடுதல் கவனம் வேண்டும். சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமியின் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது.

• சமைத்ததும் முதலில் உங்கள் பங்கைச் சாப்பிடுங்கள்.
• பிறகு வருபவர்களின் பங்கைச் சிறு டப்பாக்களில் தனித்தனியாக எடுத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். சிறு டப்பாவில் உணவு விரைவாக ஆறும்.
• டப்பாவின் மேல் யாருடையது, என்று சமைத்தது என்று ஒட்டுங்கள்.
• வருபவர் தாமே ஆவி பறக்கும்படி சூடாக்கிச் சாப்பிடட்டும். ஒரு முறை சூடாக்கியதை மீண்டும் உள்ளே வைக்க வேண்டாம்.

இந்த ஒரு பழக்கம், இரவு 9 மணிச் சாப்பாட்டுக்காக நீங்கள் விழித்திருக்கும் தேவையை நீக்கிவிடும். உங்கள் உறக்கம் என்ற புள்ளி காப்பாற்றப்படும். மகனோடு பேச ஆசையாக இருந்தால், வாரத்தில் ஓர் இரவு உணவை எல்லாரும் சேர்ந்து உண்ணும் உணவாக வைத்துக்கொள்ளுங்கள்.

மாலை வேளையில் களைப்பைப் போக்கக் கோப்பி குடிக்கும் பழக்கம் இருந்தால், அதைப் பிற்பகலுக்கு முன்னதாக நகர்த்திப் பாருங்கள். சர்க்கரை சேர்க்காத கோசோங் இன்னும் நல்லது.

வேலையைப் பிரித்துக் கொடுத்தல்

வீட்டு வேலைகளை மூன்று வகையாகப் பிரியுங்கள்.

கெடு உள்ள வேலை: உதாரணமாக, பூச்சட்டித் தட்டிலும் வாளியிலும் தேங்கும் நீரை அகற்றுதல். ஏடிஸ் கொசுவின் முட்டை முழுக் கொசுவாக வளர ஏறக்குறைய ஒரு வாரம் போதும். ஆகவே இது எந்தக் கிழமையில் நடந்தாலும் சரி. ஆனால் வாரத்தைத் தாண்டக்கூடாது.

நகரக்கூடிய வேலை: துணி, இஸ்திரி, அலமாரி ஒழுங்கு. மருமகள் இரவுப் பணி முடித்துப் பகலில் தூங்கும் நாளில் சத்தம் போடும் வேலை எதுவும் வேண்டாம். நீங்கள் நிலையத்துக்கோ பூங்காவுக்கோ போக அதுதான் சரியான நேரம். அவருக்கும் உறக்கம், உங்களுக்கும் நடை.

விட்டுவிடக்கூடிய வேலை: திரைச்சீலைக்கும் போர்வைக்கும் இஸ்திரி, தினமும் தரை துடைத்தல். "செய்யாவிட்டால் யாருக்கு என்ன ஆகும்?" என்று கேட்டுப் பாருங்கள்.

பேரப்பிள்ளைகளுக்கும் பங்கு கொடுங்கள். ஐந்து வயதுப் பிள்ளை கரண்டிகளை எடுத்து வைக்கும், துணிகளில் காலுறைகளை ஜோடி சேர்க்கும். ஒன்பது வயதுப் பிள்ளை தன் தட்டைக் கழுவும், பள்ளிப் பையை முந்தைய இரவே அடுக்கும். முதல் வாரம் நீங்களே செய்வதைவிட நேரம் அதிகமாகப் பிடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். இல்லப் பணிப்பெண் இருக்கும் வீட்டில் அவருக்கும் அட்டவணையைக் காட்டி, உங்கள் மருந்து நேரத்தைத் தெரியப்படுத்துங்கள்.

குடும்பத்தாரிடம் எப்படிச் சொல்வது?

நம்மில் பலருக்கு இதுதான் கடினம். "பிள்ளைகளுக்கு உதவியாக இருக்கத்தானே நாம் இருக்கிறோம்" என்ற எண்ணம் வாயைக் கட்டிவிடும். சொல்லாமல் இருந்து, களைத்துப்போய், ஒருநாள் சிறு விஷயத்துக்குக் கோபமாக வெடித்துவிடுவதும் உண்டு. உங்களுக்கு என்ன வேண்டும் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாமலே இருக்கலாம்.

எல்லாரும் இருக்கும் ஒரு மாலையில், 15 நிமிடம் உட்காருங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை பல வீடுகளுக்குப் பொருந்தும். மருமகளின் பணி அட்டவணை, பேரனின் துணைப்பாட வகுப்பு, உங்கள் மருத்துவச் சந்திப்பு மூன்றையும் ஒரே நாள்காட்டியில் எழுதுங்கள். உங்களுடையதை முதலில் எழுதுங்கள். இப்படிப் பேசலாம்:

"தம்பி, வர்ற வியாழக்கிழமைக்கு அடுத்த வியாழக்கிழமை காலையில எனக்குப் பலதுறை மருந்தகத்துல பார்க்கணும். இப்பவே சொல்றேன். அன்னைக்குப் பாப்பாவைப் பள்ளிக்கு யாரு கூட்டிட்டுப் போறதுன்னு நீங்க ரெண்டு பேரும் பேசிச் சொல்லுங்க."

"அத்தை, அந்தத் தேதிய மாத்திக்க முடியாதா?"

"போன தடவையும் மாத்தினோம்மா. இந்தத் தடவை ரத்தப் பரிசோதனை இருக்கு. தள்ளிப்போடக்கூடாது."

இதில் குறை கூறுதல் இல்லை. நாள், தேவை, காரணம் மூன்றும் தெளிவாக உள்ளன. முடிவெடுக்கும் பொறுப்பு அவர்களிடம் விடப்பட்டுள்ளது. "உங்களால் முடிந்தால்", "பரவாயில்லை, நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று சேர்த்துவிட்டால் கேட்டதே வீணாகிவிடும்.

பிள்ளைகளுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 1 முதல், தகுதிகாண் காலத்தை முடித்த ஊழியர்கள் நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டை முறைப்படி கேட்கலாம். முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்து வடிவில் முடிவைத் தெரிவிக்க வேண்டும். கேட்டது கட்டாயம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆயினும் வாரத்தில் ஒருநாள் மகன் ஒரு மணி நேரம் தாமதமாக வேலை தொடங்கினால்கூட, அந்தக் காலை உங்களுடையதாகும். தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கான மாணவர் பராமரிப்பு நிலையங்களைப் பற்றியும் குடும்பமாகப் பேசலாம்.

பள்ளி விடுமுறை, பண்டிகை, விரதம்

ஜூனில் நான்கு வாரமும் ஆண்டிறுதியில் ஏறக்குறைய ஆறு வாரமும் பள்ளிகளுக்கு விடுமுறை. பேருந்துக்கு முன் பசியாறுவது, பள்ளியில் விட்டதும் நடப்பது என்று நீங்கள் கட்டி வைத்த நிகழ்ச்சிகள் அந்த வாரங்களில் இருக்காது. விடுமுறை தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே புதிய நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுங்கள். "பிள்ளைகள் எழுவதற்கு முன் நடை" என்பது பலருக்கு ஒத்துவரும்.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் வீட்டைச் சுத்தம் செய்வதும் பலகாரம் சுடுவதும் ஒன்றுசேரும். ஒரு நாளைக்கு ஓர் அறை, ஒரு பலகாரம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். முறுக்கு பிழியும்போதும் உங்கள் மதிய உணவு நேரத்துக்கு அடுப்பை அணைத்துவிடுங்கள்.

தைப்பூச விரதமோ ரமலான் நோன்போ இருப்பவர்கள், மருந்து எடுப்பவராயின், தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரைப் பாருங்கள். மருந்தின் நேரத்தையும் அளவையும் மாற்ற வேண்டியிருக்கலாம். சொல்லாமல் இருக்கும் விரதம் பாதுகாப்பானது அன்று.

அட்டவணை மட்டும் போதாதபோது

சில நேரங்களில் பாரம் உண்மையிலேயே ஒருவரால் தாங்கக்கூடியதைவிட அதிகமாக இருக்கும். பின்வருவனவற்றில் ஏதேனும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், மருத்துவரிடம் பேசுங்கள்:

• களைத்திருந்தும் உறக்கம் வராமை
• பசியின்மை, காரணமின்றி எடை குறைதல்
• பிடித்த காரியங்களிலும் நாட்டம் இல்லாமை, அடிக்கடி அழுகை
• பிள்ளைகள்மீது அடக்க முடியாத எரிச்சல்

கீழே விழுந்தாலோ, மயக்கம் வந்தாலோ, இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அப்போதே மருத்துவரை நாடுங்கள். நெஞ்சுவலி, முகம் ஒருபக்கம் கோணுதல், கை கால் திடீரென வலுவிழத்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை ஏற்பட்டால் உடனே 995ஐ அழையுங்கள்.

துணைவரையோ வேறொரு முதியவரையோ பராமரிப்பவர்கள், உதவிச் சேவைகளைப் பற்றி அறிய ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பை 1800-650-6060 என்ற எண்ணில் அழைக்கலாம். 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் வீட்டுக்கு அருகிலுள்ள துடிப்பாக மூப்படையும் நிலையத்துக்கு நேரில் சென்று விசாரிக்கலாம்.

பயிற்சி 2: உங்கள் தாள்

ஒரு தாளில் இந்த வரிகளை நிரப்பி, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். எழுதச் சிரமமாக இருந்தால் பேரப்பிள்ளையிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். எழுதும்போது பாட்டி எந்த வேளை சாப்பிட வேண்டும் என்பது அந்தப் பிள்ளைக்கும் மனப்பாடமாகிவிடும்.

• ________ நடக்கும்போது நான் பசியாறுவேன்.
• ________ முடிந்ததும் என் மருந்தை எடுப்பேன்.
• ________ விட்டதும் ____ நிமிடம் நடப்பேன்.
• இரவு ____ மணிக்கு மேல் என்னை எழுப்ப வேண்டாம்.
• ________ கிழமை ____ மணி முதல் ____ மணி வரை என் நேரம்.
• எனக்கு முடியாத நாளில் அழைக்க வேண்டியவர்கள்: ________, ________.

நினைவில் கொள்க

• ஐந்து புள்ளிகளை முதலில் வையுங்கள்: மருந்து, உணவு, உறக்கம், உடலசைவு, மனிதர்கள்.
• ஒவ்வொரு புள்ளியையும் தினமும் நடக்கும் ஒரு செயலோடு கட்டுங்கள்.
• நெருக்கடியான நாளில் வீட்டு வேலையைக் குறையுங்கள். மருந்தையும் உணவையும் உறக்கத்தையும் குறைக்காதீர்கள்.
• உங்கள் தேவையைத் தேதியோடும் காரணத்தோடும் முன்கூட்டியே சொல்லுங்கள்.
• ஒரு நாள் தவறினால் மறுநாள் தொடருங்கள். தாளை மடித்து வைத்துவிடாதீர்கள்.

நாளைக் காலை பேரனுக்குத் தட்டு வைக்கும்போது, பக்கத்தில் இன்னொரு தட்டும் வையுங்கள். மாத்திரையைக் கையில் எடுப்பதற்கு முன், அந்த நாற்காலியில் உட்காருங்கள்.